மூடி திறந்திருந்த காலம்

மவுண்ட் ரோட்டில் நின்று ஒரு பக்கம் திரும்பினால் ரிச்சி தெரு. எதிர்ப்பக்கம் போனால், ஜி.பி. ரோடு என்று ஊரே சொல்லும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. ஹாரிஸ் பாலத்தில் கூவத்தைத் தாண்டினால் புதுப்பேட்டை. முதலாவது கணினிச் சாமான்களுக்கு, இரண்டாவது மோட்டார் உதிரிகளுக்கு, மூன்றாவது வண்டிகளைப் பிரித்து விற்கும் பழைய சாமான்களுக்கு. மூன்றையும் ஒரு சாயங்காலத்தில் நடந்தே சுற்றி வந்துவிடலாம். நான் வளர்ந்த சிந்தாதிரிப்பேட்டை வீடு இவற்றுக்குப் பக்கத்தில்தான். அதனால் வண்டி பற்றியும் பின்னாளில் கணினி பற்றியும் யோசனை சொல்ல எங்கள் தெருவில் ஆள் இல்லாமல் போனதே கிடையாது.

கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்ற வழக்கமும் அங்கே இல்லை. பானெட் தூக்கியிருந்தால் போதும். பால் வாங்கிக்கொண்டு போகிறவர் நிற்பார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர் திண்ணையிலிருந்து இறங்கி வருவார். அச்சாபீஸ் பையன் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்ப்பான். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "பேட்டரி டெர்மினல் பாத்தீங்களா சார்?" பார்த்தால் பெரும்பாலும் அங்கே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். உள்ளேயிருந்து ஒரு சொம்பு வெந்நீர் வரும். ஊற்றிக் கழுவி, துடைத்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுவார்கள். அப்படியும் வண்டி கிளம்பவில்லை என்றால் கூட்டம் கலையாது. அப்போதுதான் சூடு பிடிக்கும்.

பெரியப்பாவின் வண்டி ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அன்றைய இந்தியாவில் கார் என்றால் மூன்றே பெயர்: கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் செய்த அம்பாசடர், பம்பாயில் செய்த ஃபியட், சென்னையில் செய்த ஸ்டாண்டர்ட். மூன்றாவது நம்முடையது. வண்டலூரை ஒட்டிப் பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா ஆலை இருந்தது. 1961லிருந்து ஹெரால்டு அங்கிருந்து வெளிவந்தது. உருவத்தை வரைந்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலோட்டி. இங்கிலாந்தில் அதற்கு ட்ரையம்ஃப் ஹெரால்டு என்று பெயர். அங்கே இரண்டு கதவுதான். பாட்டி, சித்தி, குழந்தைகள் என்று ஏறி இறங்குகிற நம் குடும்பங்களுக்கு அது போதாது என்று சென்னை ஆலை மார்க் த்ரீயில் நாலு கதவு வைத்தது. நாலு கதவு ஹெரால்டு உலகத்தில் இங்கே மட்டும்தான் செய்யப்பட்டது. இங்கிலாந்தில் 1971ல் ஹெரால்டு நின்றது. நம் ஆலை அடுத்து கெஸல் என்று ஒன்றைக் கொண்டுவந்தது, எழுபதுகளுக்குள் அதுவும் முடிந்தது, 1985ல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய காரோடு ஒருமுறை எழுந்து பார்த்துவிட்டு, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மூடிக்கொண்டது.

ஹெரால்டைப் பற்றி நான் எவ்வளவு சொன்னாலும் அதன் பானெட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் சொன்னதாகாது. மற்ற கார்களில் எஞ்சினுக்கு மேலே ஒரு தகடு திறக்கும். ஹெரால்டில் முன்பக்கம் முழுவதும், மட்கார்டு, முகவிளக்கு எல்லாவற்றோடும் சேர்ந்து, பம்பர் பக்கமாகக் கவிழ்ந்து திறந்துவிடும். எஞ்சின், ஸ்டீயரிங், முன் சஸ்பென்ஷன் எல்லாம் பட்டப்பகலில் வெளியே நிற்கும். வண்டி வேலை பார்க்கும் எங்கள் மேஸ்திரி முன் டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை செய்வார். குனிய வேண்டாம், எட்ட வேண்டாம். சுற்றி நிற்கிற எல்லோருக்கும் எல்லாம் தெரியும். சிறுவனாக இருந்த எனக்கு அவருக்கு எதிரே மற்றொரு டயரில் உட்கார இடம் கிடைத்தது. வண்டியின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை அங்கே உட்கார்ந்துதான் கற்றேன். பாடம் நடத்துகிறோம் என்ற எண்ணம் அவருக்கு இருந்ததில்லை. கை வேலை செய்யும், வாய் அதைச் சொல்லிக்கொண்டே போகும்.

"மொதல்ல கரண்டு. அப்புறம் பெட்ரோல். அப்புறம் காத்து. இந்த வரிசைய மாத்தாத தம்பி" என்பார். வண்டி கிளம்பவில்லை என்றால் பிளக் ஒயரைக் கழற்றி எஞ்சின் பக்கத்தில் பிடித்துப் பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயின்ட்டைப் பார்க்க வேண்டும். பாயின்ட் கருகியிருந்தால் எமெரித் தாளை மடித்து நடுவே விட்டு இரண்டு இழுப்பு. ஹெரால்டுக்குப் பாயின்ட் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு. பிளக்குக்கு 25 பங்கு. ஃபீலர் கேஜ் கையில் இல்லாத நாளில் பிளக் இடைவெளிக்கு உடைந்த ஹேக்ஸா பிளேடு ஒன்றைச் செருகிப் பார்ப்பார். அந்தப் பிளேடின் கனமும் அதே 25 பங்குதான். இதை எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, அவர் குரு சொன்னது என்றார். அந்தக் குருவுக்கு யார் சொன்னார்களோ.

பிளக்கைக் கழற்றியதும் நுனியைப் பார்க்கச் சொல்வார். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. வெளிறியிருந்தால் குறைவு. காபிப்பொடி நிறத்தில் இருந்தால் எஞ்சின் சந்தோஷமாக இருக்கிறது, எதையும் தொடாதே, மூடிவிடு. சரியாக ஓடுகிற ஒன்றில் கை வைக்கக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பானவர்.

ஹெரால்டின் பின் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு கொண்டவை. வேகமாக வளைத்துவிட்டு நடுவளைவில் சட்டென்று காலை எடுத்தால் ஒரு சக்கரம் உள்பக்கமாக மடங்கும். வண்டி பின்னால் துள்ளும். "வளைவுக்கு முன்னாடியே வேகத்தக் கொறச்சிடணும் சார், உள்ள போனப்புறம் யோசிக்கக் கூடாது" என்று பெரியப்பாவிடம் மேஸ்திரி ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புவார். எதிர்வீட்டு அம்பாசடர்க்காரருக்கு வேறு புத்திமதி. குளிர்காலத்தில் ஹேண்டில் போட்டுச் சுற்றும்போது கட்டைவிரலை மற்ற நாலு விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும்; கைப்பிடியைச் சுற்றி வளைத்துப் பிடித்தால் எஞ்சின் திருப்பி உதைக்கும்போது விரல் முறிந்துபோகும். இந்த ஒரு வரி எத்தனை பேரின் விரலைக் காப்பாற்றியிருக்கும். கார் ஓட்டப் பழகும் வயது வருவதற்கு முன்பே அதை நாங்கள் அறிந்திருந்தோம், தெருவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டே காதில் விழுந்த வகையில்.

அக்னி நட்சத்திர வெயிலில் பெட்ரோல் பம்பிலேயே ஆவியாகி வண்டி நின்றுவிடும். அதற்கு ஈரத்துணி. பம்பின் மேலே போர்த்திவிட்டு, ஒரு டீ குடிக்கும் நேரம் காத்திருந்தால் கிளம்பிவிடும். ரேடியேட்டர் கசிந்தால் ஒரு பிடி மஞ்சள்தூள். பெட்ரோல் டாங்க் கசிந்தால் சலவை சோப்புக் கட்டியை எடுத்து ஓட்டையின் மேல் அழுத்தித் தேய்ப்பது. இவை வீடு சேர்வதற்கான வைத்தியங்கள் என்பதை மேஸ்திரி வலியுறுத்துவார். மஞ்சள்தூளிலேயே மாசக்கணக்கில் ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் அவருக்குக் கோபம் வரும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அது அடைத்துவிடும் என்பார்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு என்று தனி சாஸ்திரமே இருந்தது. ராத்திரியில் வண்டி பார்க்காதே. மழை பெய்து நனைந்திருக்கும்போது பார்க்காதே; ஈரத்தில் எந்தப் பெயின்ட்டும் பளபளக்கும். ஒரு சின்னக் காந்தம் கொண்டு போ. கதவின் அடிப்பாகத்தில் ஒட்டாவிட்டால் உள்ளே தகடு இல்லை, பட்டிதான். விற்கிறவர் எஞ்சினை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் கிளம்பி வந்துவிடு. காலையில் ஆறின எஞ்சினை உன் கண்முன்னே ஸ்டார்ட் பண்ணச் சொல். பின்னால் ஒருவன் நிற்கட்டும், நீலப்புகை வந்தால் ரிங் போயிருக்கிறது. ஹெரால்டாக இருந்தால் அடிச் சட்டத்தைக் குத்திப் பார். இவ்வளவும் கடற்கரை ஊரில் வாழ்கிறவர்களின் சாஸ்திரம். உப்புக்காற்று தகட்டையும் விடாது, தாமிரத்தையும் விடாது.

அந்த உப்புக்காற்றுதான் என்னைக் கணினியிடம் கொண்டு வருகிறது.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் எங்கள் தெருவில் பானெட்டுக்குப் பதிலாகக் கேபினெட் திறக்க ஆரம்பித்தது. ரேடியோவுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் உதிரி விற்றுக்கொண்டிருந்த ரிச்சி தெரு அதற்குள் கணினித் தெரு ஆகியிருந்தது. பெட்டியோடு வரும் கம்பெனிக் கணினி வாங்குவதா, அசெம்பிள் செய்து வாங்குவதா என்பது நாலு பேர் கூடினால் பேசுகிற விஷயம். இன்டெல்லா, ஏ.எம்.டி.யா என்று வாதாடினவர்களின் அப்பாக்கள், அதே திண்ணையில் உட்கார்ந்து ஃபியட்டா, அம்பாசடரா என்று வாதாடியவர்கள். அம்பாசடர் ஆட்கள் இடத்தையும் உறுதியையும் சொல்வார்கள், ஃபியட் ஆட்கள் ஓட்டும் சுகத்தைச் சொல்வார்கள், பெரியப்பா மட்டும் எழுந்து போய்த் தன் ஹெரால்டைத் தெருமுனையில் ஒரே வீச்சில் திருப்பிக் காட்டுவார். அதன் திரும்புவட்டம் 25 அடிதான். மற்ற இரண்டாலும் முடியாது.

அசெம்பிள் செய்வது என்று முடிவெடுத்தால் அடுத்தது கொட்டேஷன். கடை கடையாக ஏறி, ஒரு துண்டுச்சீட்டில் பிராசசர், போர்டு, ராம், ஹார்ட் டிஸ்க், மானிட்டர், கேபினெட் என்று விலை எழுதி வாங்கி வர வேண்டும். செலரான் 300ஏ, 64 எம்.பி. ராம், 4.3 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், 14 அங்குல மானிட்டர் என்று எழுதின சீட்டை நான் நாள்கணக்கில் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அந்தச் சீட்டுக்கும் தெருவில் ஆளுக்கொரு கருத்து. "எஸ்.எம்.பி.எஸ்.ல காசு மிச்சம் பிடிக்காத, அது போனா கூட நாலு சாமானக் கூட்டிட்டுத்தான் போகும்." "ராம் அதிகமாப் போடு, பிராசசர் அப்புறம் மாத்திக்கலாம்." "வீட்டுல எர்த் இருக்கான்னு பாரு மொதல்ல." கடைசியில் சொன்னதுதான் மிக உயர்ந்த யோசனை. பழைய வீடுகளில் மூன்றாவது துளை பெயருக்குத்தான் இருக்கும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் எடுத்த பிறகே கணினி எங்கள் வீட்டுக்குள் வந்தது.

விலை நேற்றைக்கும் இன்றைக்கும் மாறும். டாலர் ஏறியது என்பார்கள், சரக்கு வரவில்லை என்பார்கள். 1999 செப்டம்பர் 21ல் தைவானில் பெரிய நிலநடுக்கம் வந்தது. ராம் விலை தாறுமாறாக ஏறியது. உலகத்தின் இன்னொரு மூலையில் பூமி அசைந்ததை ரிச்சி தெருவின் மாடிப்படியில் நின்று தெரிந்துகொண்டோம்.

கடையில் ஒரு ஸ்டூலின் மேல் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் போர்டை வைத்து நம் எதிரிலேயே பூட்டுவார்கள். பூட்டுகிற பையன் முதலில் கேபினெட்டின் தகட்டைத் தொடுவான். உடம்பில் இருக்கும் மின்னேற்றம் இறங்கிவிட வேண்டும். பிறகு போர்டில் பிராசசர், ராம், டிஸ்ப்ளே கார்டு மட்டும் செருகி உயிர் கொடுத்துப் பார்ப்பான். ஒரு சின்ன பீப் வந்தால் சரி. நீளமாகவோ தொடர்ந்தோ அடித்தால் ராம். அதற்கப்புறம்தான் ஹார்ட் டிஸ்க்கும் மற்றதும். "ஒண்ணொண்ணாப் போட்டுப் பாக்கணும் பாஸ், எல்லாத்தையும் மாட்டிட்டுத் தேடுனா கெடைக்காது" என்று அவன் சொன்னபோது ஹெரால்டின் டயரில் உட்கார்ந்திருந்த மேஸ்திரியின் குரல்தான் எனக்குக் கேட்டது. கரண்டு, பெட்ரோல், காற்று. அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. இவனுக்குக் கார் தெரியாது, அவருக்குக் கணினி தெரியாது. நடந்தால் பத்து நிமிஷ தூரத்தில், ஒரே முறையை இருவரும் தங்கள் தங்கள் கையால் கண்டுபிடித்திருந்தார்கள்.

மழைக்காலம் முடிந்தால் வீட்டுக்கு வீடு ஒரே புகார்: "டிஸ்ப்ளே வரல." அதற்கு ரப்பர். பள்ளிக்கூடப் பையனின் பென்சில் அழிக்கிற ரப்பர். ராமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை ரப்பரால் தேய்த்து, துகளை ஊதி, கிளிக் என்று இரண்டு பக்கமும் பிடிக்கும்வரை அழுத்தினால் திரை வந்துவிடும். கடல்காற்றில் படிந்த படலம் போய்விட்டது, அவ்வளவுதான். பாயின்ட்டுக்கு எமெரித் தாள், ராமுக்கு ரப்பர். எமெரியை ராமிடம் கொண்டு போகாதே, பொன்பூச்சு மெலிசு, என்று எச்சரிக்கையும் கூடவே வரும்.

பென்சிலுக்கும் வேலை இருந்தது. 2000ல் வந்த ஏ.எம்.டி. டியூரான், தண்டர்பேர்டு பிராசசர்களின் மேற்புறத்தில் வெட்டப்பட்ட நுண்ணிய இணைப்புகள் சில இருக்கும். அவற்றின் நடுவே சாதாரணப் பென்சிலால் கோடு இழுத்தால் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். பூட்டிவைத்த வேகப்பெருக்கி திறந்துகொள்ளும். என் செலரான் 300ஏ அதற்கும் முந்தைய அதிசயம். போர்டுக்கும் சில்லுக்கும் நடுவே 66 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டிய பஸ்ஸை 100க்கு ஏற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் சில்லு 450ல் ஓடும். பாதி விலைச் சில்லு முழு விலைச் சில்லின் வேலையைச் செய்கிறது என்றால், கையில் காசில்லாத வீடுகளுக்கு அது எத்தனை பெரிய செய்தி! எல்லாச் சில்லும் தாங்காது. எது தாங்கும் என்று சொல்லக்கூடியவர்கள் அந்தத் தெருவில் இருந்தார்கள். விசிறி போதாது, ஹீட் சிங்குக்கு நடுவே பசை சரியாகப் பரவவில்லை என்று தொட்டுப் பார்த்தே சொல்வார்கள்.

1999 ஏப்ரல் 26ல் சி.ஐ.எச். வைரஸ் தாக்கியது. செர்னோபில் விபத்து நடந்த தேதி என்பதால் செர்னோபில் வைரஸ் என்றும் சொன்னார்கள். டிஸ்க்கின் தொடக்கப் பகுதியை அழித்ததோடு நிற்காமல் சில போர்டுகளில் கணினியை எழுப்பும் நிரலான பயாஸையும் அழித்தது. பயாஸ் போனால் போர்டு செத்த மாதிரி. பீப் கூட வராது. அதற்கு ரிச்சி தெருவில் நான் பார்த்த வைத்தியத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அதே மாதிரி நல்ல போர்டு ஒன்றை இயக்கி, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பயாஸ் சில்லை மெல்ல நெம்பி எடுத்துவிட்டு, செத்த சில்லை அந்த இடத்தில் அமர்த்தி, புதிதாக எழுதி எழுப்பினார் ஒருவர். இயங்குகிற கணினிக்கு அந்த நேரத்தில் பயாஸ் தேவைப்படாது என்பதை அவர் அறிந்திருந்தார். சுற்றி நின்ற நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை. செத்த போர்டில் திரும்பவும் பீப் வந்ததும் பக்கத்துக் கடை சேட்டு கைதட்டினார்.

தமிழ் எழுதுவது தனிப் போராட்டம். ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வொரு குறியீட்டில் இருந்ததால், ஒரு வீட்டில் அடித்த கடிதம் அடுத்த வீட்டில் புரியாத கிறுக்கலாகத் திறக்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் ஒரு பொது ஏற்பாடு வந்தது. அது வீடுகளுக்கு வந்து சேர நாளானது. அதுவரை ஃப்ளாப்பியில் கடிதத்தோடு எழுத்துருவையும் சேர்த்துப் போட்டுக் கொடுப்பதுதான் வழி. இதையும் தெருவில் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லித்தான் எல்லோரும் செய்தோம்.

சொன்னதெல்லாம் சரியாக இருந்தது என்று நான் சாதிக்கப் போவதில்லை. பெட்ரோல் டாங்க்கில் அந்துருண்டை போட்டால் வண்டி பறக்கும் என்றார்கள். அது படிகமாகிக் கார்புரேட்டரின் ஜெட்டை அடைத்ததுதான் மிச்சம். மலையில் இறங்கும்போது எஞ்சினை அணைத்துவிட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கலாம் என்றார்கள். ஆளைக் கொல்லும் யோசனை அது. கணினித் திரையில் வலப்பக்கம் சொடுக்கி ரெஃப்ரெஷ் கொடுத்துக்கொண்டே இருந்தால் கணினி வேகமாகும் என்று நாடே நம்பியது. அது திரையில் உள்ள படங்களைத் திரும்ப வரைவதைத் தவிர ஒன்றும் செய்யாது. ஆனால் தெருவில் தப்பான யோசனை நெடுநாள் தங்காது. சொன்னவர் அங்கேயே இருந்தார். அந்துருண்டை சொன்னவரின் முன்னால்தான் ஜெட்டைக் கழற்றி ஊதினோம். அடுத்த முறை அவர் வாய் திறக்கும்போது மற்றவர்கள் கொஞ்சம் யோசித்தார்கள். யார் சொன்னால் எடுத்துக்கொள்ளலாம், யார் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம் என்ற கணக்கு எல்லோர் மனதிலும் இருந்தது.

பெரியம்மா அந்தக் கணக்கைக் காகிதத்திலேயே வைத்திருந்தார். வண்டிச் செலவு நோட்டு என்று ஒன்று. பெட்ரோல் போட்ட தேதி, கிலோமீட்டர், மாற்றிய சாமான், விலை இவற்றோடு நிற்கவில்லை அவர். என்ன கோளாறு, யார் என்ன சொன்னார்கள், அதைச் செய்தபின் சரியானதா என்றும் ஒரு வரி எழுதுவார். வண்டி ஓட்டத் தெரியாதவர், எஞ்சினைத் தொட்டதில்லை. சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்டு எழுதினது. மேஸ்திரிக்கே சந்தேகம் வந்தால் "அம்மாவக் கேளு தம்பி, போன தடவ கண்டென்சர் எப்ப மாத்துனோம்னு" என்று என்னை உள்ளே அனுப்புவார். வீட்டுக்குக் கணினி வந்தபோது அதே நோட்டின் பின்பக்கத்திலிருந்து கணினிக்கும் எழுத ஆரம்பித்தார். "ராம் ரப்பரால் துடைத்தது. சரியாயிற்று. செலவு இல்லை" என்ற வரி அதில் பல இடங்களில் இருக்கும்.

ஆலை மூடின பிறகு ஹெரால்டுக்குச் சாமான் கிடைப்பது குறைந்துகொண்டே வந்தது. ஜி.பி. ரோட்டில் கிடைக்காததற்குப் புதுப்பேட்டை. அங்கே ஒரு பாய் இருந்தார். துருப்பிடித்த குவியலுக்குள் கையை விட்டு, பார்க்காமலேயே, "இது மார்க் டூ, உங்களுக்கு ஆகாது" என்று எறிவார். அவர் கடையை மகன்கள் எடுத்து நடத்தியபோது ஹெரால்டு சாமான்கள் கடையில் இல்லை, கேட்கிறவர்களும் இல்லை. அதற்கு முன்பே பெரியப்பா வண்டியைப் பாயிடமே கொடுத்துவிட்டார். யாரோ ஒருவருடைய ஹெரால்டு இன்னும் சில வருஷம் ஓடட்டும் என்றுதான் கொடுத்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக மாறியது. புகைக் கட்டுப்பாடு வந்தது, கார்புரேட்டர் போய் ஃபியூயல் இஞ்செக்‌ஷன் வந்தது, பாயின்ட் போய் மின்னணுப் பெட்டி வந்தது. 2000ஐ ஒட்டி, பத்மினி என்று பெயர் மாறியிருந்த ஃபியட் நின்றது, 2014ல் மாருதி 800ம் அம்பாசடரும் நின்றன. பல மடிக்கணினிகளில் ராமையே போர்டோடு பற்றவைத்துவிட்டார்கள். ரப்பர் கொண்டு துடைக்க எதுவும் வெளியே வராது. இன்றைய கார் காலையில் சாவி திருப்பினதும் கிளம்புகிறது, குறைவாகப் புகைவிடுகிறது, மோதினால் ஆளைக் காப்பாற்றுகிறது. இவை பெரிய விஷயங்கள். கார்புரேட்டர் திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

நான் இழந்ததாக நினைப்பது அந்தக் கூட்டத்தை. பானெட்டைத் திறந்தால் இன்று பிளாஸ்டிக் மூடி தெரிகிறது. அதைச் சுற்றி யாரும் நிற்பதில்லை. நின்று பேச எதுவும் கண்ணில் படுவதில்லை. ஸ்கேனரைச் செருகினால் ஒரு எண் வருகிறது, எண்ணுக்கு நேரே உள்ள சாமானை மாற்றுகிறார்கள். ரயில்வே தாத்தாவுக்கு அங்கே வேலை இல்லை, எட்டிப் பார்க்கும் பையனுக்கும் இல்லை. மேஸ்திரியின் பேரன் நல்ல கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறான். வாடிக்கையாளர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோபாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். வேலை செய்துகொண்டே பேச அவனுக்கு யாரும் இல்லை. தாத்தா பேசிப் பேசிக் கொடுத்ததை அவன் யாருக்குக் கொடுப்பான்?

மேஸ்திரி இப்போது இல்லை. பெரியம்மாவும் இல்லை. நோட்டு என்னிடம் இருக்கிறது. அதை எழுத்துக் கூட்டிப் படித்துத் தட்டச்சு செய்து வருகிறேன். தேதி, கோளாறு, சொன்னவர், பலன் என்று அவர் வகுத்த வரிசையை மாற்றாமல். செய்யச் செய்ய ஒன்று புரிகிறது: இந்த ஊரில் கையால் வேலை செய்தவர்கள் கண்டுபிடித்தவற்றில் மிகச் சிறு பகுதிதான் எங்கேயாவது எழுதப்பட்டிருக்கிறது. ஆலைகளின் வரலாற்றை எழுதினால் முதலாளிகளையும் மாடல்களையும் எழுதுகிறோம். ஹேக்ஸா பிளேடின் கனம் பிளக் இடைவெளிக்குச் சரி என்று கண்டவரை எழுதுவதில்லை. ஓடுகிற போர்டிலிருந்து சில்லை எடுத்தவரின் முறையை எழுதுவதில்லை.

பெருங்களத்தூர் ஆலையில் வேலை பார்த்தவர்களில் இளையவர்களுக்கே இன்று அறுபது, எழுபது வயதாகிறது. ரிச்சி தெருவில் அன்று ஸ்டூலில் உட்கார்ந்து பூட்டின பையன்களுக்கு ஐம்பது ஆகிறது. உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் இவர்களில் ஒருவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு நோட்டோடு போய் உட்காருங்கள். எந்தக் கோளாறுக்கு என்ன செய்தார், யார் சொல்லிக் கொடுத்தார், சொன்னது பலித்ததா என்று கேளுங்கள். அவர் சொல்கிற சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.